மீதி வழி

“பிடி” என்று கொடியின் ஓர் ஓரத்தை எய்னார் மகளிடம் நீட்டினார்.

மைக்கென் பிடித்துக்கொண்டாள். தேவாலயத்தில் அவர்கள் இருவரும் போதகர் விபெக்காவும் மட்டும்தான் இருந்தார்கள். ராணுவம் சவப்பெட்டியின் மேல் போர்த்தி அனுப்பியிருந்த, வெள்ளைச் சிலுவை போட்ட பெரிய சிவப்புத் தேசியக் கொடியை, வீட்டில் படுக்கை விரிப்பை மடிப்பதுபோல, அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். விரல்கள் தொட்டுக்கொண்டன. மறுபடி விலகினார்கள். கொடி ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை. கொடி என்றாலே முகம் சுளிக்கும் மனிதர் அதில் அத்தனை கவனமாக இருந்தது அவளுக்கு விநோதமாகப் பட்டது.

கொடி போனதும் வெறும் வெள்ளைப் பெட்டி மிஞ்சியது. அதற்குள் அவள் தம்பி மால்தே இருந்தான்.

அந்த வாரம் முழுக்க ராணுவத்துக்கும் எய்னாருக்கும் நடுவில் பேசிப் பேசிப் போதகர் அம்மாள் களைத்துப் போயிருந்தார். துப்பாக்கி மரியாதை வேண்டாம், அதிகாரி யாரும் பேச வேண்டாம் என்று எய்னார் சொன்னதையெல்லாம் முகாமில் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மால்தேயுடன் ஆப்கானிஸ்தானில் இருந்தவர்கள் பெட்டியைத் தூக்க விரும்புகிறார்கள், அனுமதி உண்டா? அந்த அழைப்பை எய்னாரே எடுத்தார். என் பையன் அடக்கத்துக்கு யூனிஃபார்ம் எதுவும் வரக்கூடாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

யார் யார் தூக்குவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். தலைமாட்டில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மைக்கென். அவர்களுக்குப் பின்னால் ஹென்னிங் மாமா, மாமாவின் இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர். கூட இருந்தவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்று மைக்கென் ஒரு முறை கேட்டாள். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“அவங்க கொண்டுபோனாங்க. கொண்டுவந்து குடுத்துட்டாங்க. இனிமே அவன் என் பிள்ளை.”

அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. போருக்கு ஆள் அனுப்புவதென்று நாடாளுமன்றம் முடிவெடுத்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வீபோர் நகரச் சதுக்கத்தில் எதிர்ப்புப் பதாகையோடு போய் நின்றவர் அவர். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊரில் சிலர் கேட்டார்கள். மழையிலும் நின்றார். அப்போதெல்லாம் பதாகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மால்தேதான். மீசை முளைக்காத வயது. அவனே பிற்பாடு பட்டாளத்தில் சேருகிறேன் என்று வந்து நின்றபோது எய்னார் கத்தவில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துபோனார்.

“சண்டை தப்புன்னே வெச்சுக்கோங்கப்பா” என்று மால்தே அவர் முதுகைப் பார்த்துச் சொன்னான். “அங்க போனவங்க பக்கத்துல யாராவது நிக்கணும்ல?”

அவன் கிளம்பிய நாளில் எய்னார் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். மைக்கென் வண்டியைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். மண்வெட்டிச் சத்தம் நிற்கவில்லை. மால்தே, போகலாம் அக்கா என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து கூப்பிடுவான். சாப்பாட்டைப் பற்றி, புழுதியைப் பற்றி, கூட இருப்பவர்களின் குறட்டையைப் பற்றிப் பேசுவான். முடிக்கும்போது, “அப்பா இருக்காரா?” என்பான்.

எய்னார் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். அவர் காலணி கதவிடுக்கில் தெரியும். தோட்டத்தில் இருக்கிறார் என்று மைக்கென் சொல்லுவாள். டிசம்பரில் முழங்கால் அளவு பனி கிடந்த ஞாயிறன்றும் அதையேதான் சொன்னாள்.

“பனியில என்னக்கா நட்டுட்டிருக்கார்?” என்று சிரித்தான். “சரி, அடுத்த வாரம் பேசிக்கிறேன்.”

ஜனவரியில் சாலையோரம் புதைத்திருந்த குண்டு வெடித்தது.

மணி அடிக்கத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். மைக்கென் காற்று வாங்க வெளியே வந்தாள். தேவாலயத்திலிருந்து பார்த்தால் கீழே ஃப்யோர்டு என்கிற கடற்கழி வரைக்கும் எல்லா வீட்டுத் தோட்டங்களிலும் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அவர்கள் வீட்டில் கம்பமே கிடையாது.

இலையுதிர்ந்த மரத்தடியில் ஆறு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆறு பேரும் ஒரே கருஞ்சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. ஒருவன் கோட்டுக் கைநுனியில் கடையில் தைத்த துணிச் சீட்டு இன்னும் பிரிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொருவன், கொஞ்சம் மூத்தவன், இடது கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் மாட்டியிருந்தான். அவன்தான் முன்னால் வந்தான். யானிக் என்றும் மால்தேயின் சார்ஜண்ட் என்றும் சொன்னான்.

“அப்பா வேண்டாம்னு சொல்லியிருந்தாரே” என்றாள் மைக்கென்.

“யூனிஃபார்ம் வேண்டாம்னாரு. சரின்னு கழட்டி வெச்சுட்டு வந்தோம்.”

அவன் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. உத்தரவு வந்தது, நிறைவேற்றினோம், அவ்வளவுதான் என்பதுபோல நின்றான். அவர் சொன்னதன் பொருள் அதில்லை என்று எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“எல்லாருக்கும் ஒரே கடையா?”

“முகாம் பக்கத்துல இருக்கறதே ஒரு கடைதான் அக்கா. இதுவும் யூனிஃபார்ம் மாதிரியே ஆயிடுச்சேன்னு பஸ்ல வரும்போதுதான் கவனிச்சோம். யார்கிட்டயும் வேற சட்டை இல்ல.”

அந்த வாரத்தில் முதல் தடவையாக மைக்கென் சிரித்தாள். உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள். யானிக் தரையைப் பார்த்தான். பின்வரிசையில் நின்றுவிட்டுப் போய்விடுகிறோம், பெரியவருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டோம் என்றான். அவள் தலையாட்டினாள். அவன் நகரவில்லை.

“வண்டி வெடிச்ச இடத்துலேருந்து ஹெலிகாப்டர் வரைக்கும் நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். பேசிட்டேதான் வந்தான். மெதுவாடா, நான் என்ன கிழங்கு மூட்டையான்னான். உள்ள ஏத்தினதும் எங்களை இறங்கச் சொல்லிட்டாங்க.” துணியில் கிடந்த கையைச் சரிசெய்துகொண்டான். “பாதியில விட்ட மாதிரியே இருக்குக்கா.”

உள்ளே அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடித்த கொடி இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர்கள் வந்திருக்கிறார்கள் என்றாள். பார்த்தேன் என்றார். யானிக் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவர் காதில் சொன்னாள். கிழங்கு மூட்டையையும் சேர்த்துத்தான். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பாடவேண்டிய பக்கத்தைத் தாண்டியும் புரட்டிக்கொண்டே போனார்.

ஜெபங்கள் முடிந்து போதகர் தலையசைத்தார். ஆர்கன் இசை எழுந்தது. தூக்குவதற்கு எய்னார் முடிவு செய்திருந்த வீட்டு ஆட்கள் பெட்டியருகே போய் அவரவர் இடத்தில் நின்றார்கள். மைக்கென் கைப்பிடியைப் பற்றினாள். குளிர்ந்திருந்தது. தம்பிக்கு அவளால் செய்ய முடிந்த கடைசி வேலை அது. ஒரு கணம் இறுக்கிப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

எய்னார் அவளைப் பார்த்தார்.

“மச்சான்,” என்றார் ஹென்னிங் மாமா மெல்லிய குரலில், “என் முதுகு இன்னிக்குச் சரியில்ல.” போன வாரம்தான் தனியாளாகப் படகைக் கரைக்கு இழுத்துப் போட்டவர். அவரும் கையை எடுத்தார். அவர் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து நகர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே பின்வாங்கினார்.

பெட்டியோடு எய்னார் மட்டும் நின்றார்.

பின்வரிசையில் மால்தேயின் கூட்டாளிகள் ஆறு பேரும் அசையவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஆர்கன் வாசித்தவர் பாட்டை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மறுபடி ஆரம்பித்தார். எய்னார் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் ஏறக்குறைய மால்தேயின் வயதுதான். துணிச் சீட்டு ஒட்டிய கையிடம் வந்ததும் அவர் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“நிக்கிறீங்களே” என்றார். “வாங்க.”

வந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று பேசிக்கொள்ளவில்லை. ஐந்து கைகள் ஐந்து கைப்பிடிகளில் பொருந்தின. ஒற்றைக் கைக்காரனான யானிக் மட்டும் என்ன செய்வதென்று சுற்றுமுற்றும் பார்த்தான். மைக்கென் பெஞ்சிலிருந்து கொடியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அதை நல்ல கையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நடந்தான்.

வெளியே ஃப்யோர்டிலிருந்து ஊசிக்காற்று வந்தது. கல்லறைப் பாதையில் காலையில்தான் சரளைக்கல்லை வாரிச் சமன் செய்திருந்தார்கள். ஐந்து பேரின் கால்களும் அதன்மேல் ஒன்றாக விழுந்தன. எய்னாரின் கால் மட்டும் இடையில் விழுந்தது. அடிக்கு ஒரு தடவை பெட்டியின் முன்மூலை அவர் பக்கம் தாழ்ந்து எழுந்தது. எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவன் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு நடையைக் குறைத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் குறைத்தார்கள். அப்படியும் சேரவில்லை. அவரும் அவசரப்பட்டார், பிந்தினார். பெட்டி ஆடியது.

மைக்கெனின் அம்மாவின் கல்லறையைக் கடக்கும்போது எய்னார் கீழே பார்த்தார். பக்கத்தில் போகிற கால்களைப் பார்த்தார். பிறகு ஒரு காலை அரையடி இழுத்து, தரையில் ஒரு முறை தட்டி, மறுகாலை எடுத்து வைத்தார்.

அதற்கப்புறம் சரளைக்கல்லின் மேல் ஒரே சத்தம்தான் கேட்டது. பெட்டி ஆடாமல் போனது.