குதிரையின் மூன்றாவது பொருள்

'குதிரை' என்ற சொல்லின் மூன்று பொருள்களும் எங்கள் தெருவில்தான் குடியிருந்தன. விலங்கு, கோடி வீட்டுத் தவசிமுத்து அண்ணாச்சியிடம் இருந்தது. வீணையில் தந்திகளைத் தாங்கும் குதிரை, பாட்டு டீச்சர் ஜெயலோசனியிடம். மூன்றாவது, துப்பாக்கியில் விரல் வைத்து இழுக்கும் குதிரை. அதை என் கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக வைத்திருக்கிறது. ஊரில் யார் குதிரை என்றாலும் அண்ணாச்சி வீட்டு விலங்குதான் எழுந்து போகும். எங்களுடையது பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சத்தமில்லாமல் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். காலில் செருப்பு இல்லை.

"தாயி, எங்க வீட்டுல உள்ளதைக் காணோம். தொட்டியில தண்ணி வச்சது வச்சபடி இருக்கு."

ஒரு சொல் பொருள் இல்லாமல் இருக்காது. அடுத்ததைத் தேடிக்கொள்ளும். இருவரும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். டீச்சர் தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று விரல் அகலம்தான் இருந்தது.

"ஊர் முழுக்க இது தாங்காதும்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போது டீக்கடையில் யாரோ ஒரு சைக்கிள்காரனைப் பார்த்து, "குதிரை மாதிரி போறான் பாரு" என்றார். எங்கள் பரணில் 'டிக்' என்றது. சைக்கிள்காரன் சாலையில் படுத்துவிட்டான். எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் சைக்கிளை மட்டும் ஓரமாக எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை இறக்கி அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றினேன். மூட்டைக்கு அடியிலிருந்தும் அது கேட்டது. சொல்பவர் யாரைப் பார்த்துச் சொல்கிறாரோ அவரிடம் போகிறது என்பது மூன்றாவது தடவையில் தெரிந்தது. மகள் பேச்சிச்செல்வி இரண்டாம் வகுப்பு. அன்று நாலாம் பாடம், குதிரையைப் பற்றியது. முந்தின நாளே சத்தமாகப் படித்துப் பழகியிருந்தாள். வகுப்பைப் பார்த்து நின்றுதான் படிக்க வேண்டும். எதிரே இருபத்தாறு பிள்ளைகள்.

"அண்ணாச்சி, இந்தச் சொல்லு எங்கேயிருந்து வந்துச்சு?"

"முதல்ல வெறும் 'குதி'யாத்தான் இருந்துச்சாம். 'ரை' பின்னால ஒட்டுனது."

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பேச்சிச்செல்வி புத்தகத்தோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நாலாம் பாடத்தை விட்டுருங்க டீச்சர்" என்று வகுப்பு டீச்சரிடம் சொன்னேன்.

"பாடத்தை விட முடியாதும்மா. வேணும்னா சொல்லைப் பாதியில நிறுத்திக்கலாம்."

நான் போய் 'ரை'யின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன். அடியில் அது துடித்தது. மகள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"குதி" என்று படித்தாள்.

டப்பாவின் சத்தம் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் குதித்தார்கள், அவளும்தான். இருபத்தேழு பேரும் மேலே போய் அங்கேயே நின்றார்கள்.

டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார். "இறங்கு" என்று நான் கத்தினேன்.

"அது ஒன்பதாம் பாடம்மா. இவங்களுக்கு இன்னும் நடத்தலை. தை மாசம் வரும்" என்றார் டீச்சர்.

சாப்பாட்டு மணி அடித்தது. மற்ற தாய்மார்களும் தூக்குவாளியோடு வந்து சேர்ந்தார்கள். நாங்கள் பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தோம்.