படம் எடுத்தவர்

மத்தியான இடைவேளையில் கணினி டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பிளாக் பதிவுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மற்ற டீச்சர்கள் எழுத்திலிருந்து தொடங்குவார்கள். இவள் நேராகப் படத்துக்கு அடியில்தான் போவாள். படத்தை எடுத்தது யார், எந்த இடத்தில், எப்போது என்று அங்கே இருக்க வேண்டும். அடுத்தவர் படமென்றால் அவரிடம் கேட்டதற்கும் ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பாதி மதிப்பெண் போச்சு. வருடத் தொடக்கத்தில் பாதி வகுப்பு 'படம்: இன்டர்நெட்' என்றுதான் எழுதியது. "இன்டர்நெட் என்ன உங்க சித்தப்பாவா, கேமராவத் தூக்கிட்டு வந்து எடுத்துக் குடுக்கறதுக்கு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, பிறகு திருந்தியது. ஒருவன் தன் நாயின் படத்துக்கு அடியில், 'எடுத்தவர்: என் அக்கா. அனுமதி: கேட்டேன், தலையில் குட்டினாள், அதையே சம்மதமாக வைத்துக்கொண்டேன்' என்று எழுதியிருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாள். பிள்ளைகள் தன் முதுகுக்குப் பின்னால் தன்னை 'யார் எடுத்தது' என்று கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அன்றைக்குக் கடைசியாகத் திறந்தது மூக்குக் கண்ணாடிக்காரியின் பதிவு. முன்வரிசையில் உட்காரும், கேட்டால் மட்டும் பேசும் பெண். 'கான்கிரீட் ஏன் உடைகிறது' என்பது தலைப்பு. ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பதிவு அது. படத்துக்கு அடியில் 'ஒரு பாலம்' என்று மட்டும் இருந்ததால், 'எந்தப் பாலம்? யார் எடுத்தது? வானத்திலிருந்து விழுந்த படமா?' என்று கேட்டு டீச்சர் திருப்பியிருந்தாள். இப்போது ஒரு குறையும் இல்லை. சாம்பல் நிறத் தூண் ஒன்று. அதில் கீழிருந்து மேலே ஏறும் ஒரு விரிசல். விரிசல் முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு, பக்கத்தில் தேதி. அடியில் எழுதியிருந்தது: 'எடுத்தவர்: என் அப்பா. பாலங்களைச் சோதிப்பது அவர் வேலை. இடம்: நம் ஊர் ஆற்றுப் பாலம், நடுத்தூண். நாள்: போன மாதம். சிவப்புக் கோடு: அன்றைக்கு விரிசல் அதுவரை வந்திருந்தது. அனுமதி: அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது கேட்டேன். ம் என்றார்.'

டீச்சருக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு அடிவரிக்காகத்தானே வருடம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறாள். முழு மதிப்பெண் போட்டாள். அது போதாதென்று, எல்லாப் பெற்றோரும் பார்க்கிற பள்ளியின் முகப்புப் பக்கத்தில் அந்தப் பதிவைத் தூக்கி வைத்து, 'படத்துக்கு உரியவரை எப்படிக் குறிப்பிடுவது என்பதற்கு நல்ல உதாரணம்' என்று மேலே எழுதினாள். படத்துக்கு அடியில் இருந்ததைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், படத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பள்ளிப் பேருந்தில் அதே பாலத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போனாள், அப்போதும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தப் பாலத்தின் நடுவில் ஒரு குலுக்கல் உண்டு. இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில் பேருந்து ஒரு குதி குதிக்கும். பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து, இருக்கையிலிருந்து எம்பும்போது எல்லோரும் சேர்ந்து 'ஹோ' என்று கத்துவார்கள். முன்பெல்லாம் பின்வரிசைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம் அது. இப்போது முன்வரிசைக்கும் கிடைத்தது. "இப்பல்லாம் நல்லாவே தூக்கிப் போடுது டீச்சர்," என்று டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் மூக்குக் கண்ணாடிக்காரியின் அப்பா வந்தார். கணினி அறையின் வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனுஷர் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

"பாப்பா போட்ட படம் டீச்சர். அதுல என்னப் பத்தி இருக்கறத மட்டும் எடுத்துடணும்," என்றார். "அப்பா எடுத்தார், அப்பா வேலை இது, அந்த வரிங்க மட்டும்."

"யார் எடுத்ததுன்னு இல்லாம நாங்க படம் போடறதில்ல சார். வேணாம்னா படத்தையும் சேர்த்தே தூக்கிடறேன், ஒரு நிமிஷம்." அவள் மவுஸின் மேல் கையை வைத்தாள்.

"ஐயோ, வேணாம். படம் இருக்கட்டும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மென்று முழுங்கிச் சொன்னார். விரிசலைப் படமெடுத்து மேலே அனுப்பியிருந்தார். வருடக் கடைசியில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். அதற்கப்புறம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பாலம் நன்றாக இருக்கிறது என்று தட்டச்சு செய்த தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"போட்டீங்களா?"

"போட்டேன்."

வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குன்னு அங்க என் பேரு இருக்கு. நல்லா இல்லைன்னு இங்க என் பேரு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேக்கறாங்க. வேலை மட்டும் போனாக்கூடப் பரவாயில்ல. பொய்க் கையெழுத்துன்னு உள்ள வெச்சுடுவாங்க டீச்சர்," என்றார். "பேரு இல்லாட்டி ஜனங்க நம்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார். நானே நம்ப மாட்டேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் திரையில் இருந்த படத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். தினமும் தானும் பிள்ளைகளும் கடக்கிற பாலத்தின் தூண் அது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே பேருந்தில் முன்வரிசை ஜன்னலோர இருக்கை காலியாக இருக்கிறது.

"உங்க பொண்ணு ஏன் சார் இப்ப பஸ்ல வர்றதில்ல?"

அவர் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே சத்தமில்லாமல் தள்ளி வைத்தார். ஜன்னல் வழியே அவர் ஸ்கூட்டர் வாசலைத் தாண்டுவது தெரிந்தது. பாலத்துப் பக்கம் திரும்பாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பழைய சாலையில் திரும்பியது. அவளுக்குக் கோபம் வந்தது. தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டாரே என்று வந்த கோபம். ஆனால் அவர் இடத்தில் தான் இருந்தால் வேறென்ன செய்திருப்போம் என்று யோசித்தபோது அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

தலைமையாசிரியர் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். கடிந்து பேசாமலே காரியத்தை முடித்துவிடுவார்.

"பாலத்துப் படத்தத் தூக்கிடுங்கம்மா. பெரிய இடத்துலேர்ந்து போன்."

"அந்தப் பாலத்து மேலதான் சார் நம்ம பஸ் போகுது."

"நீங்களும் நானும் எஞ்சினியரா? நல்லா இருக்குன்னு பொறுப்பானவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க, நான் பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினார். "உங்க வேலைய நிரந்தரம் பண்ற விஷயம் இந்த மாசம் மேலிடத்துக்குப் போகுது. இப்ப போயி நெருப்ப மடியில கட்டிக்கணுமா? படம் இல்லாம வெறுமையா இருக்குமேன்னு பார்த்தா, வேற ஏதாவது அழகான பாலமா போடுங்க. இன்டர்நெட்ல ஆயிரம் கிடக்கு."

கிடந்தது. சூரியன் மறையும் நேரத்தில் பொன்னிறமாகத் தொங்கும் ஏதோ தேசத்துப் பாலம் ஒன்று. எடுத்தவர் பெயர் இருந்தது. யாரும் பயன்படுத்தலாம், பெயரைப் போட்டால் போதும் என்ற அனுமதியும் இருந்தது. எல்லாவற்றையும் அடியில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அவள் விதிப்படி பார்த்தால் குற்றம் சொல்லவே முடியாத அடிவரி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வாயில் கசந்தது.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு மூக்குக் கண்ணாடிக்காரி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இது நம்ம பாலம் இல்லையே."

"தெரியும்மா."

"யாரு எடுத்தது, எங்கன்னு எல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க." குத்திக் காட்டவில்லை. சரிபார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

"அப்பா திட்டினாரா?"

"இல்ல மிஸ். அப்பா பேசறதே இல்ல. விடியறதுக்கு முன்னாடியே எங்கயோ போயிட்டு வர்றாரு. செருப்பெல்லாம் ஒரே மணல். அம்மா பெருக்கிப் பெருக்கி சலிச்சுட்டாங்க."

அன்று சாயங்காலம் டீச்சர் பேருந்தில் ஏறவில்லை. வேலை இருக்கிறது, நீங்கள் கிளம்புங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, பேருந்து பிள்ளைகளை ஏற்றி முடிக்கும் முன்பே ஒரு ஆட்டோவைப் பிடித்து ஆற்றங்கரையில் இறங்கினாள். பேருந்து கீழத்தெருப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் பாலத்துக்கு வரும். அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவள் யோசித்தது சின்ன விஷயம்தான். அவர் எடுத்த படத்துக்கு அவர் பெயரைத்தான் போட வேண்டும். தானே எடுத்தால் தன் பெயரைப் போடலாம். எடுத்தவர்: கணினி ஆசிரியை. இடம்: நடுத்தூண். நாள்: இன்று. நிரந்தரம் ஆகிறதோ இல்லையோ, பொய் இருக்காது.

தண்ணீர் வற்றிய காலம். நடுத்தூண் வரை மணலில் நடந்தே போக முடிந்தது. பாலத்துக்கு அடியில் வெயில் சட்டென்று அணைந்து, குளிர்ச்சியாக, ஈரச் சுவர் வாசனை அடித்தது. மேலே வண்டிகள் போகும் சத்தம் கீழே வேறு மாதிரி கேட்டது. பக்கத்து அறையில் யாரோ பெட்டியை இழுப்பதுபோல. விரிசலைத் தேட வேண்டியிருக்கவில்லை. இடுப்பு உயரத்தில் அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. படத்தில் இருந்த அதே தேதி. விரிசல் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது. அதற்கு மேல் இன்னொரு சிவப்புக் கோடு, வேறு தேதி. அதற்கும் மேலே ஒன்று. வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைக் குறித்து வைப்பதுபோல் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. அவளுடைய தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி. ஒரு கோட்டில் இருந்தது அவர் பள்ளிக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்த நாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் மனுஷர் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். கடைசிக் கோட்டுக்கு அடியில் ஏறி நிற்க இரண்டு கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். அவள் அவற்றின் மேல் ஏறினாள். பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. தேதி இன்றையது.

விரிசல் அதையும் தாண்டியிருந்தது.

அவள் படம் எடுக்கவில்லை. டிரைவரின் எண்ணைத் தேடி அழைத்தாள். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். வண்டி ஓட்டும்போது அவர் போனை டப்பாவில் போட்டு மூடிவிடுவார். பள்ளிக்கூடத்து விதி அது. பெற்றோர் கூட்டத்தில் அதற்காக அவரை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டியிருக்கிறார்கள், அவளும்தான் தட்டினாள். கரைக்கு ஓடலாமா என்று திரும்பினாள். மணலில் தன் காலடிகள் எவ்வளவு தூரத்துக்குப் போகின்றன என்று பார்த்தபோதே ஹாரன் சத்தம் கேட்டது. பாலத்தில் ஏறியதும் அவர் பிள்ளைகளுக்காக அடிக்கும் ஹாரன். அவள் கையிலிருந்த போனில் அழைப்பு எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

தலைக்கு மேல் சத்தம் வந்து கனத்தது. தூணின் மேல் உள்ளங்கையை வைத்தாள், ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கான்கிரீட்டுக்குள் ஏதோ நடுங்கியது. பிறகு மேலே ஒரு குதி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போட்ட 'ஹோ'. அது அப்படியே நகர்ந்து, மெலிந்து, அக்கரைப் பக்கம் போய்க் கேட்காமல் ஆயிற்று.

கடைசிக் கோட்டுக்கு மேலிருந்து பொடிமணல் மெல்லிசாக இறங்கி அவள் முடியிலும் போன் திரையிலும் விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்து போய் வெகுநேரமாகியும் மணல் விழுவது நிற்கவில்லை.