மூன்றாவது விதியை எழுதியவன்

1

"கெட்சப் பாட்டிலைக் காலி பண்ணிட்டு, திரும்ப ஃபிரிட்ஜ்லயே வச்ச மகான் யாருடா?" என்று டுவைட் கேட்டான்.

இதுதான் முதல் வரி. இதற்கு முன் ஆறு முதல் வரிகளை அடித்துவிட்டேன்.

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. டுவைட்டின் அக்கா மார்னி, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, மினசோட்டாவிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். ஒரே கேள்வி: கடைசியில் தம்பி தனியாக இருந்தானா?

2

டுவைட்டையும் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர், ஒரே கல்லூரி. புதியவர்களை மண்டியிட வைத்து அடிக்கும் ஒரு பெரிய மாணவர் சகோதர சங்கத்திலிருந்து வெளியேறி, ஒரே வீட்டில் தங்கி, சொந்தமாக ஒன்று தொடங்கினோம். எனக்கு எழுத வரும் என்பதால் விதிகளை எழுதும் வேலை எனக்கு. முதல் விதி, யாரையும் அவமதிக்க மாட்டோம். இரண்டாவது, பொய் சொல்ல மாட்டோம். மூன்றாவது: 'சகோதரனின் துன்பத்தைச் சகோதரர்களே சுமப்போம்; வீட்டுக்கு வெளியே கொண்டுபோக மாட்டோம்.'

(அரைப்புள்ளி என்னுடையது. அன்று அதில் எனக்குப் பெருமை.)

3

சனிக்கிழமை, கெட்சப் இல்லாத அந்த மதியச் சாப்பாடு முடிந்ததும், சங்கத்தின் பெயரான மூன்று கிரேக்க எழுத்துகளை வாசலுக்கு மேலே மாட்ட டுவைட் ஏணியில் ஏறினான். ஏணி சறுக்கியது. படிக்கல்லில் தலை மோதியது.

"எழுத்து நேரா இருக்கா?" என்றான், படுத்தபடியே.

"அது நேராத்தான் இருக்கு. நீதான் கோணலா கிடக்குற," என்றான் கோர்டி. எல்லோரும் சிரித்தோம். டுவைட்டும்.

பிறகு கோர்டிதான் கேட்டான்: "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாடா?"

இங்கே பதில் சொன்னவனுக்கு வேறு பெயர் வைக்கலாம் என்று நினைத்தேன். லேலண்ட் என்றே இருக்கட்டும். அது நான்.

"திங்கக்கிழமை டீன் நம்ம சங்கத்துக்கு அனுமதி குடுத்துக் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா எல்லாம் போச்சு. மூணாவது விதி எதுக்கு இருக்கு? நாமளே பாத்துக்கலாம்."

"வெறும் தலைவலிடா," என்றான் டுவைட். "சாவு வீடு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்காதீங்க."

4

சோபாவில் படுக்க வைத்தோம். ஆளுக்கு அரை மணி நேரம் காவல் என்று முறை போட்டோம். நாலு மணிக்குக் குறட்டை. "நல்லாத் தூங்குறான் துரை," என்று சொல்லிவிட்டுக் கோர்டி எழுந்தான். அடுத்த முறை என்னுடையது.

குறட்டை நின்றது. அப்போது நான், அவன் முகத்தை ஒருமுறை

[இந்த வாக்கியத்தை முடித்தால் பொய்யாகும். நான் பார்க்கவில்லை. இனி நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்து, கையிலிருந்த புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினேன். அதற்குப் பிறகும் இரண்டு பக்கங்கள் படித்தேன்.]

மண்டைக்குள் கசிந்த ரத்தம் என்றார் மருத்துவர். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்று தொடங்கியவர் எங்கள் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

5

மார்னிக்கு இரண்டு பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: 'இல்லை மார்னி, ஒரு நிமிடம்கூட அவன் தனியாக இல்லை.' இது முழு உண்மை.

இரண்டாவது, நீங்கள் இதுவரை படித்தது.

எதை அனுப்பினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. தபால்தலை இரண்டிலும் ஒட்டியாயிற்று. உங்கள் கையில் இரண்டையும் கொடுத்தால் எதைப் பெட்டியில் போடுவீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

திங்கட்கிழமை காலை, சாவுச் சேதி எட்டாத ஏதோ ஒரு மேசையிலிருந்து, டீன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வந்தது. நாங்கள் ஒருமுறைகூடக் கூட்டம் போடவில்லை. அனுமதியை யாரும் ரத்து செய்யவில்லை. கல்லூரிப் பதிவேட்டில் எங்கள் சங்கம் இன்றும் இருக்கிறது, உறுப்பினர் ஒன்பது பேர்.