ஒரு கரண்டி யூரியா

பத்து நாற்றுகளை நான் ஊட்டி ஊட்டியே கொன்றேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மர ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில். தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது, தரையைக் கழுவுவது எல்லாம் என் பொறுப்பு. வேலையை வாங்கிக் கொடுத்தவள் என் தங்கை. அங்கேதான் அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்தவள். இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மற்றவர்களுக்கு அவள் மேடம், எனக்கு இன்னும் மூக்கொழுகி.

அவளுடைய கேள்வி இதுதான்: மண்ணில் தழைச்சத்து, அவள் பாஷையில் நைட்ரஜன், கூடினால் மரக்கன்று எப்படி வளரும், பிறகு வறட்சி வந்தால் எப்படித் தாங்கும்? நூற்று எண்பது தொட்டிகள். சிவப்புக் குச்சி நட்டவற்றுக்கு யூரியா நிறைய, மஞ்சள் குச்சிக்குக் கொஞ்சம், வெள்ளைக் குச்சிக்கு ஒன்றுமே கிடையாது. ஐந்து மாதம் இப்படி வளர்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தண்ணீரை நிறுத்திப் பார்ப்பாள். உரத்தை மட்டும் நான் தொடக் கூடாது என்பது உத்தரவு.

சும்மா இருந்தேனா? இரண்டு மாதம் ஆகியும் வெள்ளைக் குச்சிகள் சாண் உயரம்கூட வளராமல் வெளிறிப்போய் நின்றன. அதிலும் வாசலை ஒட்டிய பத்து, நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பதுபோல் இருக்கும். எதிரிலேயே சிவப்புக் குச்சிகள் தளதளவென்று. ஒரே பந்தியில் ஓரவஞ்சனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி யூரியாவைக் கரைத்து அந்தப் பத்துக்கும் பிரித்து ஊற்றினேன். அடுத்த ஞாயிறும் ஊற்றினேன். அப்படியே பன்னிரண்டு ஞாயிறு.

அவை எழுந்து நின்ற அழகைச் சொல்லி மாளாது. இலை உள்ளங்கை அகலம், அப்படி ஒரு பச்சை. வெயில் நன்றாகப் படுகிற இடமாச்சே, அதனால்தான் என்று நானே முந்திக்கொண்டு அவளிடம் சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அவள் அளவுகோலை வைத்து அளந்து எழுதிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். படிப்பெல்லாம் இவ்வளவுதானா என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

பிறகு தண்ணீரை நிறுத்தினாள். ஆறாம் நாள் காலை கதவைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். என் பத்தும் தலை தொங்கிக் கிடந்தன. சிவப்புக் குச்சிகளே அப்போதுதான் வாட ஆரம்பித்திருந்தன. நான் ஏறெடுத்தும் பார்க்காத மற்ற வெள்ளைகள், அந்த நோஞ்சான்கள், ஓர் இலையும் சுருளாமல் நின்றன. பத்தாம் நாள் என் பத்தும் சருகு. தொட்டால் பொடிந்தன.

அவள் ஒன்றைத் தட்டி எடுத்து, மண்ணைக் கழுவிக் காட்டினாள். மேலே முழ நீளச் செடி, கீழே விரல் நீள வேர். சாப்பாடு இருந்த இடத்துக்கே வந்தால் வேர் எதற்குத் தேடிப் போகும், இத்தனை இலைக்கும் தண்ணீரை எங்கிருந்து இழுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான்கு வருட உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே. இது தெரியாமல் அவள் எழுதிக் கொடுத்து, யாராவது கண்டுபிடித்தால் பட்டமும் போகும், பெயரும் போகும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும்க்கா. முதல் வாரமே தெரியும். திங்கக்கிழமை திங்கக்கிழமை யூரியா டப்பாவ எடை போடுவேன். நான் எடுத்தது போக நாலு கிராம் குறையும்.”

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு தேதி, பன்னிரண்டு எடை, என் பத்துத் தொட்டிகளுக்கென்று தனிப் பக்கம். பட்டினி கிடந்த நாற்று திடீரென்று அளவுக்கு மீறித் தின்றால் என்ன ஆகும் என்பது அவள் வாசித்த எதிலும் இல்லையாம். அவள் ஆராய்ச்சியிலேயே நல்ல அத்தியாயம் இனி இதுதானாம்.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். எனக்கோ பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. பன்னிரண்டு ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு, அவற்றோடு பேசிக்கொண்டே ஊற்றியிருக்கிறேன்.

“இதுங்கதான் முதல்ல சாகும்னு உனக்குத் தெரியுமா?”

“சாகும்னுதான் நினைச்சேன்.”

“அப்ப ஏன்டி என்னைத் தடுக்கல?”

“தடுத்திருந்தா நீ நிறுத்தியிருப்பியேக்கா.”

அதைக் கோபமில்லாமல், கிண்டலில்லாமல் சொன்னாள்.

“ரெண்டு நாளா வீட்டுல நான் சாப்பிடல. அதுவும் தெரியுமா?”

பேனாவை மூடிவைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியும். நீயா எப்ப வந்து சொல்லுவியோன்னு பாத்துட்டிருந்தேன்.”

நான் வளர்த்த பெண்ணைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.