தொண்ணூறில் தொடங்கும் நடுக்கம்

மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரைத் தொட்டதும் வண்டி நடுங்கத் தொடங்கும். நூற்றுப் பத்தைத் தாண்டினால் தானாக அடங்கிவிடும். நடுவிலுள்ள அந்த இருபதில்தான் நோலுவோவின் மானம் மாட்டிக்கொண்டிருந்தது.

முப்பது வயதான ஜெர்மன் மோட்டார் சைக்கிள் அது. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றை மறிக்கும் அகலக் கண்ணாடி, நெடும்பயணத்துக்கென்றே செய்த கனத்த உடம்பு. அவளும் அவள் கணவன் லுந்தியும் சேர்ந்து வாங்கியது. போகும்போது அவன் ஓட்டுவான், திரும்பும்போது அவள். தங்கள் ஊரான கிராடாக்கிலிருந்து கடல்வரை, கரூ என்ற வறண்ட வெளி முழுக்க அப்படித்தான் சுற்றினார்கள். போன வருடம் லுந்தி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். வண்டியில் அல்ல, முடிவெட்டும் கடை நாற்காலியில். இதை நோலுவோ எல்லோரிடமும் அழுத்திச் சொல்வாள். வண்டிதான் அவனைக் கொன்றது என்று சொல்லத் துடிக்கும் வாய்கள் அந்த ஊரில் நிறைய.

துக்கம் காக்கும் வருடத்தில் செத்தவனின் பொருளை விதவை தொடக்கூடாது. அடக்கம் முடிந்த மறுநாளே லுந்தியின் அண்ணன் புயிசீலே தகரக் கொட்டகையைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே லுந்தியின் சட்டைகள், தொப்பிகள், போர்வை போர்த்திய வண்டி. நோலுவோ கறுப்பு உடுத்தினாள், குரலைத் தாழ்த்தினாள், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. வருடம் முடிந்து, பீர் காய்ச்சி, ஆடு அறுத்து, கறுப்புத் துணியை எரித்த மறுநாள் காலை சாவியைக் கேட்டு வாங்கினாள். புது பேட்டரி போட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு மிடில்பர்க் சாலைக்குப் போனாள். தொண்ணூறைத் தொட்டதும் கைப்பிடி உதறியது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து குடும்பம் கூடியபோது புயிசீலே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"லுந்திக்கு இஷ்டமில்ல, மகோட்டி. அவன்தான் வண்டியப் புடிச்சு உலுக்குறான். பொம்பள ஓட்டுறது போதும்னு சொல்றான்."

மகோட்டி என்றால் வீட்டுக்கு வந்த மருமகள். தலை நரைத்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நோலுவோவுக்கு ஐம்பத்து நாலு வயது. புயிசீலேவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, வாசலில் நிறுத்தினால் ஆண்பிள்ளை வீடு என்று பேராகுமே!

அவள் எழுந்து நின்றாள். வரும் சனிக்கிழமை ஊரின் வண்டிக்காரர்கள் லுந்தியின் நினைவாகக் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். அதற்குள் நடுக்கம் நிற்கவில்லை என்றால் வண்டிச் சாவியை அவரிடமே தந்துவிடுவதாகவும், நின்றால் அந்தப் பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழக்கூடாதென்றும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு நாக்கு முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வரும்.

அதன்பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உதறுவது கைப்பிடி, ஆகவே நோய் முன்னால்தான் என்று மெக்கானிக் முன்பக்க பேரிங்கை மாற்றினார். நடுக்கம் போகவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தார். போகவில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் போய்விட்டது என்றான் ஒரு நண்பன். வயசான வண்டி, விட்டுத் தள்ளு என்றான் இன்னொருவன். என் வயதையும் சேர்த்துச் சொல்கிறாயா என்று கேட்டாள். அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

புதன்கிழமை யாரையும் கேட்காமல் தனியாகப் போனாள். பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். வண்டிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியும். நூறில் போகும்போது கிளட்சைப் பிடித்து எஞ்சினை அடங்கவிட்டாள். நடுக்கம் அப்படியே இருந்தது. சரி, எஞ்சின் குற்றவாளி இல்லை. மறுபடி நூறுக்கு ஏற்றி, இருக்கையிலிருந்து ஒரு விரல்கடை எழுந்து காலில் நின்று பார்த்தாள். உதறல் முதலில் பாதத்துக்கு வந்தது, பிறகுதான் கைக்கு. பின்னால் பிறந்து முன்னால் வந்து அழுதுகொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டுக்கு வந்ததும் பின் சக்கரத்தைக் கழற்றி, அச்சுத் துளையில் ஓர் இரும்புத் தண்டைச் செருகி இரண்டு மரப்பெட்டிகளுக்கு நடுவில் தொங்கவிட்டாள். கையால் சுற்றிவிட்டாள். ஓடி, தயங்கி, பின்வாங்கி நின்றது. அடியில் சாக்பீஸால் கோடு போட்டாள். மறுபடி சுற்றினாள். கோடு அடியிலேயே வந்து நின்றது. பத்துத் தடவை சுற்றினாள். பத்துத் தடவையும் அங்கேதான். அந்த இடம் மட்டும் கனத்திருந்தது.

சக்கரத்தை உருட்டிக்கொண்டு டயர் கடை ஷார்லீனிடம் போனாள். ஷார்லீன் கைவேலையும் வாய்வேலையும் ஒன்றாகச் செய்பவள். டயரைப் பிரித்து உள்ளே கையை விட்டவள் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, டயருக்குள்ள கஞ்சி காய்ச்சி அடிப்பிடிக்க விட்டிருக்கே?"

உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிறத்தில் கட்டி. நோலுவோ பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். பஞ்சர் பசை. கரூவின் வெள்ளை முள்ளுக்குப் பயந்து எல்லோரும் டயருக்குள் ஊற்றுவது. லுந்தி சாவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவளே பின் டயரில் ஊற்றினாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அது கூழாகச் சுற்றிலும் பரவி நிற்கும். நின்றுவிட்டால் அடியில் தேங்கி இறுகும்.

"எவ்ளோ நாள் நகத்தாம வச்சிருந்தீங்க?" என்று ஷார்லீன் கேட்டாள்.

"ஒரு வருஷம்."

தகரக் கொட்டகையில், கோடை வெயிலில், பூட்டுக்குள். வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டிருந்தால்கூடப் போதும் என்றாள் ஷார்லீன். நோலுவோ சிரித்துவிட்டாள். வண்டியை உலுக்கியது லுந்தி அல்ல. அவனுக்காக என்று போட்ட பூட்டு.

புது டயர் ஏறியது. வியாழக்கிழமை தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. கைப்பிடி தூங்கும் குழந்தையைப்போலக் கிடந்தது. அவள் தலைக்கவசத்துக்குள் வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை காலை புயிசீலே வீட்டு முற்றத்தில் குடும்பம் முழுக்க இருந்தது. கட்டியை எனாமல் கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, அது எப்படி உண்டானது என்று விளக்கினாள். அவர் அதைத் தொடவில்லை. டயர்க் கடைக்காரி சொல்வதெல்லாம் வேதவாக்கா என்று கேட்டார்.

"வேணாம், நம்பாதீங்க. பின்னால ஏறி உக்காருங்க, அண்ணே."

யாரோ ஒரு சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த பிறகு ஏறாமல் இருக்க முடியுமா? சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு அவர் ஏறி உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டும்வரை பிடிமானத்தைப் பிடித்திருந்தவர், எண்பதில் அவள் இடுப்பைப் பிடித்தார். நூறில் அவள் கிட்டத்தட்ட பத்து நிமிடம் போனாள். வேண்டுமென்றேதான். காற்று மட்டும்தான் உதறியது, அதுவும் அவருடைய கோட்டை.

திரும்பி வந்து இறங்கியதும் முகத்தைத் துடைத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். குரல் பழையபடி கனத்தது.

"நேத்து லுந்தி குழிமேல நான் பீர் ஊத்தி வேண்டிக்கிட்டேன். அவன் மனசு எறங்கிட்டான். உன்ன மன்னிச்சுட்டான், மகோட்டி."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அதற்குத் தலையாட்டிவிட்டால் போதும். வண்டி அவளுடையது, மானம் அவருடையது, எல்லோரும் சாப்பிடப் போகலாம். அவளுக்கும் அது தெரிந்தது. சாலைமுனையில் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து அழைத்தார்கள்.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"லுந்தி கோவப்படவே இல்ல, அண்ணே. கோவம் என்னோடது. அது இன்னும் எறங்கல."

பிறகு தலைக்கவசத்தை மாட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள்.