உறுதியில் உள்ள பெயர்

லவினா அவரை "ஹியூபேட்" என்றுதான் கூப்பிட்டாள். அந்த ஒழுங்கையில் அவரைவிட வயது குறைந்த பெண்கள் எல்லோருக்கும் அவர் ஹியூபேட் அண்ணன். பிறெடியின் மாடி அறையை வாடகைக்கு எடுத்து ஐந்து மாதம்கூட ஆகாத லவினாவுக்கு மட்டும் வெறும் ஹியூபேட்.

மெற்றில்டா குசினியில் நின்றபடி அதைக் கேட்டாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு முன்னறையில் கமிட்டிக் கூட்டம் தொடங்கியிருந்தது. பதினொரு வீடுகளிலிருந்து பதினொரு ஆண்களும் அவர்களோடு லவினாவும். தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கும்போது மெற்றில்டாவின் கை தேவைக்கு மேல் சத்தம் போட்டது.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி இருந்தது. அதை இடித்து இரண்டு வருடமாகிவிட்டது. பிள்ளைகள் அந்த நிலத்தில் கிரிக்கெட் ஆடினார்கள், பெண்கள் போர்வை காயப்போட்டார்கள். இரண்டரைக் கிழமைக்கு முன் அதன் தகரக் கதவில் மூன்று மொழிகளிலும் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒரு கம்பனி அந்த நிலத்தைக் கொள்கலன் அடுக்கும் இடமாக மாற்ற அனுமதி கேட்டிருக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் மாநகர சபைக்கு எழுதித் தரலாம் என்று. ஓர் ஓட்டோவும் ஒரு வானும் எதிர்ப்பட்டால் ஏதாவது ஒன்று பின்னால் போகவேண்டிய ஒழுங்கை அது. கொள்கலன் லொறி உள்ளே வந்தால் வீட்டு வாசற்படிகள் மிஞ்சாது.

துறைமுகத்தில் இருபத்துநாலு வருடம் கிளார்க்காக இருக்கிற ஹியூபேட்டைத் தலைவராக்கினார்கள். அளுத்கடையில் உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் வேலை செய்யும் லவினா செயலாளர். அவள் சிங்களத்தில் கடிதம் அடிக்கும் வேகத்தைப் பார்த்து ஆண்கள் எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது.

"லவினா மிஸ் இல்லாட்டி நாங்க 'கொஹொமத, சுகமா' எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்திருப்பம்," என்றார் பிறெடி.

எல்லோரும் சிரித்தார்கள். ஹியூபேட் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்ததாக மெற்றில்டாவுக்குப் பட்டது.

கடிதம் கைமாறி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மெற்றில்டா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "நானும் போடட்டா?"

"வீட்டுக்கு ஒண்டு போதும், மெற்றி," என்றார் ஹியூபேட், கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஹியூபேட்டும் லவினாவும் இரண்டு தடவை ஓட்டோவில் மாநகர சபைக்குப் போய் வந்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவர் தன் சேர்ட்டைத் தானே அயன் பண்ணினார். கழுத்தில் ஓடிகொலோன் வாசனைத் தண்ணி தடவினார். மகளின் பாடசாலைக் கூட்டத்துக்குக்கூட அந்தப் போத்தல் அலுமாரியை விட்டு வெளியே வந்ததில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிட மெற்றில்டாவால் முடியவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. ஹியூபேட்டுக்குப் பெண் தேடிய காலத்தில் அவருடைய தாய் முதலில் பார்த்தது லவினாவைத்தான். கலியாணமாகி இரண்டாம் மாதமே மாமி பெயரும் ஊருமாக அதைச் சொல்லிவிட்டா. "அந்தப் பிள்ளை நல்ல வடிவு. ஆனா வீடு இல்லை எண்டுட்டாங்க." மெற்றில்டாவின் அப்பாவோ இந்த வீட்டைக் கலியாணத்துக்கு முதல் நாளே மகள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதியிருந்தார். தன்னைக் கட்டினது வீட்டுக்காகத்தான் என்ற எண்ணத்தோடு மெற்றில்டா இருபத்தொரு வருடம் சமாதானமாகத்தான் வாழ்ந்தாள். அந்த வடிவான பிள்ளை இரண்டு சூட்கேசும் ஒரு பிரின்டருமாக எதிர்வீட்டு மாடிக்கு வரும்வரைக்கும்.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுக்கப் போனவர்கள் பன்னிரண்டு மணிக்கே திரும்பிவிட்டார்கள். ஹியூபேட்டின் முகம் வாடியிருந்தது. பிறெடி ஓடி வந்தார்.

"என்ன, வாங்கினாங்களா?"

"இல்லை," என்றார் ஹியூபேட். "கவுண்டர்ல இருந்த மிஸ் வரிப் பதிவேட்டை எடுத்து எங்கட பேரெல்லாம் பாத்தா. ஆதன உரிமையாளர் போட்டாத்தான் எடுக்கலாமாம். பதினொண்டில ஒரு பேர்கூட பதிவேட்டில இல்லை."

"அதெப்பிடி இல்லாமப் போகும்?"

"உன்ட வீடு ஆற்ற பேர்ல இருக்கு, பிறெடி?"

பிறெடி வாசல் வழியாகத் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வீடு அவர் மனைவிக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வீடும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. அந்த ஒழுங்கையில் பதினொரு வீடும் பெண்களின் பெயரில் இருந்தன. இரண்டரைக் கிழமையாகக் கூட்டம் போட்டு, வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதில் மனைவிமார் ஒருவரையும் சேர்க்காமல் கடிதம் எழுதிய பதினொரு பேரில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

"அப்ப நாங்க எல்லாம் இவ்வளவு நாளும் விருந்தாளியளா?" என்றார் பிறெடி.

வியாழக்கிழமை கடைசி நாள். புதன் பௌர்ணமி, போயா விடுமுறை. மனைவிமார் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும்.

ஹியூபேட் குசினிக்கு வந்தார். மெற்றில்டா சுறாவுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் பேசியதை ஒன்று விடாமல் கேட்டிருந்தாலும் கேட்காதவள் மாதிரி நின்றாள்.

"மெற்றி, ஒரு கையெழுத்து வேணும்."

"வீட்டுக்கு ஒண்டு போதும் எண்டீங்க."

"அது பிழையாப் போச்சு."

"உங்கட மிஸ்ஸைப் போடச் சொல்லுங்க."

"அவ எப்பிடிப் போடுறது? அவவுக்கு வீடு இல்லையே."

மெற்றில்டாவின் கை நின்றது. இருபத்தொரு வருடத்துக்கு முன் மாமி சொன்ன அதே வார்த்தை.

"ஓம். அதாலதானே என்னைக் கட்டினீங்க," என்றாள். "அண்டைக்கும் வீட்டுக்காகத்தான் வந்தீங்க. இண்டைக்கும் வீட்டுக்காகத்தான் குசினிக்குள்ள வந்து நிக்கிறீங்க."

ஹியூபேட் சுவரில் தொங்கிய கலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் உடனே மறுத்திருந்தால் அவள் அழுதிருப்பாள். மறுக்காததால் கோபம்தான் வந்தது. மத்தியானம் சுறாவில் உப்புக் கூடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு லவினா வந்தாள். அரை நாள் லீவு போட்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். கையில் புதிதாக அடித்த கடிதம். பத்துக் கையெழுத்து இருந்தது. முதல் வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

"பக்கத்து வீட்டு ஸமீமா தாத்தா சொல்லிட்டா, மெற்றில்டா அக்காட வீடுதான் லேன்ல முதல் நம்பர், முதல் வரி அவவுக்கு எண்டு," என்றாள். முஸ்லிம் அக்காமாரை அந்த ஒழுங்கையில் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருக்கச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்த மெற்றில்டா கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுக்கக்கூடாது என்றும் நினைத்திருந்தாள். அதையும் ஊற்றினாள். கிட்டத்தில் பார்க்கும்போது லவினாவின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் தெரிந்தது. அப்படியும் வடிவாகத்தான் இருந்தாள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

"நீர் ஏன் இவ்வளவு ஓடுறீர்?" என்று கேட்டாள் மெற்றில்டா. "உமக்கு இந்த லேன்ல என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு வாடகை அறை. லொறி வரத் தொடங்கினா வித்திட்டுப் போறன் எண்டு பிறெடி அண்ணன் சொல்றார். பிறகு நான் ஹெந்தளைக்கு, அண்ணா வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேணும். அண்ணிட மூஞ்சிய நீங்க பாக்கேல்ல."

"பிறெடி அண்ணன், அண்ணா. எல்லாரும் அண்ணன். இவர் மட்டும் உமக்கு ஹியூபேட்."

லவினா கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "பொம்பிளை பாக்க வந்த ஆளை எப்பிடி அக்கா அண்ணன் எண்டு கூப்பிடுறது? வாய் வருகுதில்லை."

தான் கேட்க நினைத்ததை அவளே எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

"வீடு இல்லாதபடியாத்தான் சரிவரேல்ல எண்டு மாமி சொன்னா," என்றாள் மெற்றில்டா.

"வீடு இருந்தது அக்கா, ஹெந்தளைல. அண்ணா இப்ப இருக்கிறது அதிலதான். நான்தான் வேணாம் எண்டனான். வந்த ஆக்களிட்ட முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்றது? அம்மா மரியாதைக்கு வீடு இல்லை எண்டுட்டா."

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது.

"ஏன்? இவரில என்ன குறை கண்டீர்?"

"குறை எண்டு இல்லை. வந்ததில இருந்து ஒரு வார்த்தை கதைக்கேல்ல. மூண்டு வடை சாப்பிட்டார். மிச்ச நேரமெல்லாம் தன்ட கால் பெருவிரலையே பாத்துக்கொண்டு இருந்தார்."

"அவர் புது ஆக்களோட கதைக்கமாட்டார். பழகினாத்தான் கதைப்பார். நீர் கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்க வேணும்," என்றாள் மெற்றில்டா சூடாக. சொல்லி முடித்த பிறகுதான் தான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

லவினா சிரிப்பை அடக்கத் தேத்தண்ணியைக் குடித்தாள். "எனக்கு அப்ப வேற ஒருத்தரைப் பிடிச்சிருந்தது அக்கா. அவரைத்தான் கட்டினனான். அவர் நல்லாக் கதைப்பார். கதைச்சுக் கதைச்சே இத்தாலிக்குப் போனவர் திரும்பி வரேல்ல."

மெற்றில்டா அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள்.

"நீர் வேணாமெண்டது இவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது எண்டுதான் நினைக்கிறன்."

"கடிதத்தை வைச்சிட்டுப் போம்," என்றாள் மெற்றில்டா.

லவினா போனபிறகு அவள் பேனையைக்கூடத் தொடவில்லை. லவினா மறுத்தாள், சரி. ஆனால் அவருக்குத் தெரியாதே. வீடு மட்டும் இருந்திருந்தால் அவளைக் கட்டியிருக்கலாம் என்று இத்தனை வருடமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தால்? இப்போது ஒரே ஓட்டோவில் போகும்போதும் அதையே நினைத்தால்?

ஐந்தரைக்கு ஹியூபேட் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே கேட்டுவிட்டாள்.

"இந்த வீடு இல்லாட்டி நீங்க என்னைக் கட்டியிருப்பீங்களா?"

ஹியூபேட் ஒரு சப்பாத்தோடு நிமிர்ந்தார். மேசையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துக்காகச் சொல்றன் எண்டு நினைப்பாய்."

"நினைக்கிறதை நான் நினைக்கிறன். நீங்க சொல்லுங்க."

"பாக்க வந்தது வீட்டுக்காகத்தான். அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தா. பொய் சொல்லேல்ல." அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். "ஆனா வந்து பாத்திட்டு அம்மா வேணாம் எண்டுட்டா. கூரை ஒழுகுது, கிட்டங்கிப் பக்கத்தால எலி வரும் எண்டு. உனக்கு அது தெரியாது. மாமியார் சொல்லுவாவா?"

"பிறகு?"

"பிறகு நான் சாப்பிடாம இருந்தனான். ரெண்டு கிழமை."

மெற்றில்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கத்தரிக்காய்க் கறி இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்து முகத்தைத் தூக்குகிற மனுசன்.

"நீங்க? ரெண்டு கிழமை?"

"வீட்டில," என்றார் ஹியூபேட். "பகல்ல ஹாபர் கன்டீன்ல சாப்பிட்டனான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டாமல் இருக்கக் கடிதத்தை எடுத்துப் படிப்பது போலப் பார்த்தாள். சிங்களத்தில் ஓர் எழுத்தும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அப்ப அதுக்கு முதல் பாத்த பொம்பிளை?"

"எந்தப் பொம்பிளை? அம்மா என்னை ஏழெட்டு வீட்டுக்குக் கொண்டு திரிஞ்சா. ஒரு வீட்டில வடை நல்லா இருந்தது. வேற ஒண்டும் ஞாபகமில்லை."

மெற்றில்டா அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். காது சிவக்கவில்லை. அந்த வடைக்காரிதான் எதிர்வீட்டு மாடியில் இருக்கிறாள் என்று சொல்லவேண்டிய கடமை தனக்கில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

"அப்ப ஓடிகொலோன் என்னத்துக்கு?"

"மாநகர சபை லைன்ல மூண்டு மணித்தியாலம் நிக்க வேணும். வேர்வை மணத்தோட போய் ஒரு மிஸ்ஸுக்கு முன்னால நிக்கிறதா?"

"எந்த மிஸ்?"

"கவுண்டர் மிஸ், மெற்றி."

அன்று அவள் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை, அதிகாரிக்கு முன்னால் வைத்துப் போடுகிறேன் என்றாள். தலைவரும் செயலாளரும் மட்டும் போய் வந்த ஓட்டோவில் அன்றைக்கு மூன்று பேர். லவினா ஒரு ஓரம், ஹியூபேட் மறு ஓரம். இரண்டு பேரின் முழங்கையும் தன் விலாவில் இடித்தாலும் மெற்றில்டா நடுவில் அசையாமல் இருந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி பதிவேட்டைத் திறந்து பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். மெற்றில்டா முதல் வரியில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அதிகாரி தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற ஹியூபேட்டைக் கண்டதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன முறை தலைவர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இவர்தானே, இவர் யார் என்று சிங்களத்தில் கேட்டாள்.

மொழிபெயர்க்க லவினா வாயெடுத்தாள். மெற்றில்டா முந்திக்கொண்டாள். மரக்கறிக் கடையிலும் மீன்காரனிடமும் பழகிய சிங்களம் அவளுக்கும் இருந்தது.

"மகே மஹத்தயா," என்றாள். என்னுடைய கணவர்.

அப்படியென்றால் வீடு இவருடையது இல்லையா என்று அதிகாரி சிரித்தபடி கேட்டாள்.

"நே, மிஸ். கெயத் மகே, மஹத்தயத் மகே." வீடும் என்னுடையது, அவரும் என்னுடையவர். கவுண்டருக்கு அது போதும். ஆனால் மெற்றில்டா அதைச் சொன்ன சத்தம் அடுத்த கவுண்டர் வரிசைக்கும் கேட்டது. லவினா நின்ற இடம் அதைவிடக் கிட்ட.

அதிகாரி முத்திரை குத்தி ஒரு பற்றுச்சீட்டைக் கிழித்தாள். அடுத்த மாதம் பதினாலாம் திகதி விசாரணை, கம்பனிக்காரரும் வருவார்கள், உரிமையாளர்கள் நேரில் வரவேண்டும். அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்று அவள் சொல்லவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

பற்றுச்சீட்டை வாங்கப் பழக்கத்தில் ஹியூபேட் கை நீட்டினார். கோப்பில் வைக்க லவினாவும் நீட்டினாள். மெற்றில்டா அதை வாங்கி, நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டு சிப்பை இழுத்தாள்.