பொட்டு வைத்த இடம்

நகரத்து ரோட்டை இன்னும் நாலு மைல் நீட்டும் வேலை தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு தடவை பணம் இல்லையென்று நின்றது. மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது செலவு இரண்டு மடங்கு. கேட்டால் ஜல்லி விலை ஏறிப்போச்சு, டீசல் விலை ஏறிப்போச்சு என்றார்கள்.

"விலை ஏற ஏற ஜல்லி மட்டும் ஏன் இளைச்சுக்கிட்டே போகுது?" என்றாள் டீக்கடை அக்கா. ரோட்டுக்காகக் கடையில் பாதியை இடித்துக் கொடுத்தவள். மீதியில் ஒரு பெஞ்சுக்குத்தான் இடம். வாய்க்கு மட்டும் இடம் குறையவில்லை.

கடப்பாரைக்காரருக்குச் சுருக்கென்றது. குழி போடுவது அவர் வேலை. புது ரோட்டில் ஜல்லி எவ்வளவு கனம் கிடக்கிறது என்று பார்க்க எஞ்சினியர் வருவார். சொன்ன இடத்தில் வெட்டி, கோலை விட்டு அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சாண் இருந்தால் அடுத்த தவணைப் பணம் வரும். இல்லாவிட்டால் வேலை மறுபடி நிற்கும். பின்னால் ரோடு உள்வாங்கினால் முதலில் பிடிப்பது அளந்தவனைத்தான். முதல் மைல் உள்வாங்கியபோது மாட்டிய பழைய குழிக்காரன் இன்னும் ஜெயிலில் இருக்கிறான்.

சோதனைக்கு முந்தின சாயங்காலம், மூன்றாவது விளக்குக் கம்பத்துப் பக்கம் மேஸ்திரி சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தான். மேஸ்திரி வேறு யாருமில்லை, கடப்பாரைக்காரர் பெண்டாட்டியின் தம்பி. முதுகு போய் மூட்டை தூக்க முடியாத மனுஷனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவனே.

"நாளைக்கு இங்கதான் வெட்டணும் மாமா. மத்த இடத்துலயும் இதே கனம்தான்."

"நான் கேக்கவே இல்லையே மாப்ள."

"சும்மா சொன்னேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். இரண்டு நாள் முன்னால் அந்த இடத்தில் மட்டும் ஒரு லாரி ஜல்லியைத் தனியாகக் கவிழ்த்தது இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

விடிந்ததும், ஆட்கள் வருமுன், நாலாவது கம்பத்துப் பக்கம் கடப்பாரையை இறக்கினார். அரைச் சாணில் மண். மூடிவிட்டார். எஞ்சினியர் புதுசு, நல்ல மனுஷன் என்று பேச்சு. பொட்டு இருக்கிற இடத்தில் வெட்டச் சொல்வார், உண்மை தானாக வெளியே வரும், மச்சினனை நாமாகக் காட்டிக் கொடுத்ததாக ஆகாது. பழைய பொட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, நாலாவது கம்பத்தருகே புதுசு வைத்தார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. கூடவே இறங்கிய மேஸ்திரி, பொட்டைக் காணாமல் முழித்தான். எஞ்சினியர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கம்பத்திலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். ஆறாவது எட்டில் நின்று பூட்ஸ் காலால் தட்டினார்.

"இங்க வெட்டுப்பா."

அழித்த பொட்டு இருந்த அதே இடம்.

கடப்பாரைக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. பொட்டு தனக்கு மட்டும் வைத்த அடையாளம். இந்த ஆளுக்கு எட்டுக் கணக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வேலியைக் காவலுக்குக் கூப்பிட்டால் அது வாயெல்லாம் பயிரோடு வந்து நிற்கிறது.

வெட்டினார். ஒரு சாணுக்கு மேல் நாலு விரல்.

"பிரமாதம். எழுதிக் கையெழுத்துப் போடு."

"அண்ணே," என்று கடையிலிருந்து டீக்கடை அக்காவின் குரல் வந்தது, "அங்க ஒரு பொட்டு தனியாக் கெடக்கே, அது யார் நெத்திக்கு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி காதோரம் வந்தான். "மாமா, வீட்டுல எங்க அக்கா மொகத்தை நெனச்சுப் பாருங்க. வேலை நின்னா நம்ம அத்தனை பேரும் தெருவுலதான்."

"அவ மொகத்தை ஜெயில் கம்பி வழியாப் பாக்கச் சொல்றியா?"

நாலாவது கம்பத்துக்கு நடந்தார். மூணாவது குத்தில் மண் வந்தது. டீ கிளாஸோடு நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். கோலை விட்டுக் காட்டினார். தாளில் இரண்டு குழியையும், இரண்டு அளவையும் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

எஞ்சினியர் தாளை வாங்கினார். ஃபைல் கக்கத்தில் இருந்தது. தாளோ மடிந்து சட்டைப் பைக்குள் போனது.

"சரி, ரெண்டு குழியையும் மூடு."

கடப்பாரைக்காரர் நாலாவது கம்பத்துக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார்.

"அது ஃபைலுக்குள்ள போகட்டும் ஐயா. அப்புறம் மூடறேன்."

டீக்கடை அக்கா ஒரு டீயோடு ரோட்டில் இறங்கினாள்.